கதவைப் பூட்டியதும் அலறும் பஞ்சு

கேள்வி: டாக்டர், எங்கள் வீட்டில் இரண்டரை வயது பொமரேனியன் இருக்கிறான். பெயர் பஞ்சு. அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இவ்வளவு நாளும் மாமனார் வீட்டோடு இருந்ததால் பஞ்சு தனியாக இருந்ததே கிடையாது. கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் நாத்தனார் வீட்டுக்குப் போன மாமனார் அங்கேயே தங்கிவிட்டார். அதிலிருந்துதான் பிரச்சினை. நாங்கள் கதவைப் பூட்டியதும் குரைக்கிறான், ஊளையிடுகிறான், கதவைப் பிறாண்டுகிறான், கட்டில் மேல் உச்சா போய்விடுகிறான். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கம்பிக் கூண்டு வாங்கி, அதில் விட்டுப் பூட்டினோம். 'இரண்டு நாள் அழுவான், அப்புறம் பழகிவிடுவான்' என்று அதில் சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. கம்பியைக் கடித்துக் கடித்து ஈறில் ரத்தம். முன்காலில் ஒரு நகம் பிய்ந்துவிட்டது. மாலையில் வந்து பார்த்தால் மார்பு முழுக்க எச்சில் ஊறி நனைந்து கிடக்கிறான். அசோசியேஷனில் புகார் கொடுத்துவிட்டார்கள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். இவன் எங்களைப் பழிவாங்குகிறானா? இன்னொரு நாய் வாங்கினால் சரியாகுமா? தூக்க மருந்து ஏதாவது கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், முதலில் கூண்டை நிறுத்துங்கள். நாளைக் காலையிலிருந்து பஞ்சுவை அதில் வைத்துப் பூட்டவே வேண்டாம். ஈறில் ரத்தம் வரும்வரை கம்பியைக் கடிக்கிற நாய் எதற்கும் பழகிக்கொண்டிருக்கவில்லை. உயிருக்கே ஆபத்து என்று நினைத்துத் தப்பிக்கப் பார்க்கிறது. இப்படிக் கடித்துக் கோரைப்பல் முறிந்து, உள்ளே இருக்கும் நரம்பு தெரிய வந்த நாய்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். சின்ன நாய்க்குக் கம்பி இடைவெளியே ஓர் ஆபத்து. பாதம் உள்ளே நுழையும், திரும்பி வராது.

இந்த வாரத்துக்குள் உங்கள் வழக்கமான கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிய்ந்த நகத்தடியில் சீழ் இருக்கிறதா, பல்லில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது. நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறான் என்றால் சிறுநீர்ப்பையில் தொற்றோ கல்லோ இருக்கலாம். அதற்கு எந்தப் பயிற்சியும் உதவாது. நீங்கள் போன பிறகு மட்டும்தான் என்றால், நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து எனக்குத் தோன்றுவதுபோல, காரணம் பயம்.

பழிவாங்குகிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வீட்டில் உள்ளவர்கள் இதை நம்பத் தொடங்கிவிட்டால் அடுத்து அடி விழும். கட்டிலில் உச்சா போவதற்குக் காரணம் உங்கள் வாசனை அங்கேதான் அதிகம். பயந்துபோன நாய் அந்த வாசனையைத் தேடிக் கட்டிலில் ஏறும். அந்தப் பதற்றத்தில் சிறுநீரை அடக்க முடியாது. 'நாங்கள் வந்ததும் தப்பு செய்த மாதிரி காதை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கிறானே' என்று பலரும் கேட்பார்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார். அந்த முகம் நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. சொல்லப்போனால், எந்தத் தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது. பஞ்சு காட்டுவது உங்கள் முகத்தைப் பார்த்து வருகிற பயம். மாலையில் வந்து திட்டினால், நீங்கள் போவதும் பயம், வருவதும் பயம் என்று ஆகிவிடும்.

செல்லம் கொடுத்ததால், கட்டிலில் படுக்க விட்டதால் இப்படி ஆகிவிட்டது என்று உங்களைக் குறை சொல்கிறவர்களும் இருப்பார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். எத்தனையோ நாய்கள் கட்டிலில்தான் படுக்கின்றன, தனியாகவும் நிம்மதியாகத் தூங்குகின்றன. பஞ்சுவுக்கு நடந்தது வேறு. இரண்டரை வருஷம் ஒரு பெரியவர் பகல் முழுவதும் கூடவே இருந்தார். ஒருநாள் அவரும் இல்லை, வீட்டில் யாருமே இல்லை. தனியாக இருப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததே இல்லை.

அவனிடம் இப்போது இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று, தனியாக விடப்படுவது. இன்னொன்று, அடைத்துவைக்கப்படுவது. முதல் பயம் மாமனார் போனதும் வந்தது. இரண்டாவது, இந்த மூன்று வாரத்தில் கூண்டு கொடுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் நகராது. தனிமைப் பயத்துக்குக் கூண்டு மருந்தே இல்லை. கதவைப் பிறாண்டுவதை அது தடுக்கும், அவ்வளவுதான். பிறாண்டவைத்த பதற்றம் அப்படியே உள்ளே இருக்கும், ஓட வழியில்லாததால் இன்னும் கூடும்.

நாய்க்குக் கூண்டு பிடிக்கும், காட்டில் அதன் மூதாதையர் குகையில் வாழ்ந்தவை என்று அந்த வீடியோக்களில் சொல்வார்கள். ஓநாய்க்குக் குகை என்பது குட்டி போட்டு வளர்க்கும் சில வாரங்களுக்கு மட்டும்தான். அந்தக் குகைக்கு வெளியே பூட்டும் கிடையாது. நம் தெருநாய்களைப் பாருங்கள், மூலையில் சுருண்டு படுக்கப் பிடிக்கும், ஆனால் எழுந்து போக வழி இருக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கூண்டு இருக்கிறது என்பது உண்மைதான். அதே சமயம் ஸ்வீடனில், பயணம் போன்ற சில சமயங்கள் தவிர, வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைக்க விதிகள் இடம் தருவதில்லை. அங்கேயும் மக்கள் வேலைக்குப் போகத்தான் செய்கிறார்கள்.

'அழட்டும், பழகிவிடும்' என்பது நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றில் தள்ளிக் கற்றுக்கொடுப்பது போன்றது. சில பிள்ளைகள் நீந்திவிடுவார்கள், சிலர் ஆயுசுக்கும் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள். குரைப்பு ஒருநாள் நின்றால்கூட, களைத்துப்போய் நின்றதா, நிம்மதியில் நின்றதா என்று தெரியாது.

அப்படியானால் என்ன செய்வது? முதல் வேலை, பார்ப்பது. ஒரு வைஃபை கேமராவோ, பழைய போனோ போதும். ஹாலில் டிவி ஸ்டாண்ட் மேல் சாய்த்துவைத்து வீடியோ காலில் உங்கள் போனோடு இணைத்துவிட்டு, வழக்கம்போலக் கிளம்பிக் கீழே பார்க்கிங்கில் போய் நின்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் அவனை வதைக்க வேண்டாம். பெரும்பாலான நாய்களுக்குப் பதற்றம் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும், பலவற்றுக்குக் கதவு சாத்திய சில நொடிகளிலேயே. பஞ்சு எந்த நொடியில் எழுகிறான், எப்போது நாக்கால் உதட்டை நக்குகிறான், எப்போது கொட்டாவி விடுகிறான், எப்போது கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்கத் தொடங்குகிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். குரைப்பு கடைசியில்தான் வரும். இந்தச் சின்ன அறிகுறிகள் அதற்கு முன்னாலேயே வந்திருக்கும். நமக்கு வேண்டியது அவைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் பொமரேனியன் என்று வாங்குவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். படியில் காலடிச் சத்தம் கேட்டால் நாலு குரை குரைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வது இவற்றின் சுபாவம். அது பதற்றம் அல்ல. நிறுத்தாமல், குரல் ஏறி ஏறி ஊளையாக மாறினால் அதுதான் பதற்றம். அசோசியேஷனுக்கு இரண்டும் ஒன்றுதான், நமக்கு வேறு வேறு.

இரண்டாவது வேலைதான் கடினமானது. பயிற்சி நடக்கும் காலம் முழுவதும் பஞ்சுவை அவனால் தாங்க முடியாத நேரத்துக்குத் தனியாக விடவே கூடாது. மாலையில் பத்து நிமிடம் பொறுமையாகப் பழக்கிவிட்டு, மறுநாள் காலை ஒன்பது மணி நேரம் விட்டுப் போனால், பழக்கியது அத்தனையும் வீண். இதைக் கேட்டதும் 'வேலையை விட்டுவிடவா?' என்று தோன்றும். வேண்டாம். உங்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது: மாமனார். கண் டாக்டர் சரி என்று சொன்னால், இரண்டு மாதம் வந்து இருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சுவுக்காகக் கூப்பிடுகிறோம் என்றே சொல்லுங்கள், பெரியவர் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆபரேஷன் ஆகி அதிக நாள் ஆகவில்லை என்றால் குனிந்து நாயைத் தூக்குவது, இழுக்கும் பெல்ட்டைப் பிடிப்பது இதெல்லாம் மட்டும் அவருக்கு வேண்டாம்.

அவரால் வர முடியாவிட்டால் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியதுதான். உங்களுக்கும் கணவருக்கும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்கள் வேறு வேறாக அமையுமா, ஒருவர் காலை ஷிஃப்டும் மற்றவர் மதிய ஷிஃப்டும் வாங்க முடியுமா, எதிர் வீட்டு மாமி, படிக்க அமைதியான இடம் தேடும் கல்லூரி மாணவி, நாய்களுக்கான டே கேர் என்று யோசியுங்கள். இதில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. எதிர் வீட்டு மாமி ஹாலில் உட்கார்ந்திருந்தாலே பஞ்சு நிம்மதியாகப் படுத்துவிடுகிறான் என்றால், அவனுக்கு யாராவது ஒருவர் இருந்தால் போதும், உங்கள் வேலை பாதி குறைந்தது. மாமி இருந்தும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால், அவன் ஏங்குவது குறிப்பிட்ட ஒருவருக்காக. அப்போது மருந்தைப் பற்றியும் சீக்கிரமே யோசிக்க வேண்டியிருக்கும்.

இனி பயிற்சி. மாலை வாக்கிங் முடிந்து, சாப்பிட்டு, பஞ்சு கொஞ்சம் அசந்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் வெளியே கிளம்புகிறீர்கள் என்பது அவனுக்குக் கதவு திறப்பதற்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடும். ஐடி கார்டை எடுப்பது, ஹேண்ட்பேக் ஜிப், கேஸ் வால்வை மூடும் சத்தம், ஃபேன் நிற்பது, சாவிக்கொத்து. காலை நேரத்தில் ஒருநாள் அவன் முகத்தையே பாருங்கள், எந்தச் சத்தத்தில் காது நிமிர்கிறது என்று தெரியும். அந்தச் சத்தங்களை அர்த்தமில்லாமல் ஆக்குவதுதான் தொடக்கம். சாவியை எடுத்து, சமையலறைக்குப் போய்க் காபி போடுங்கள். ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சீரியல் பாருங்கள். கேஸ் வால்வை மூடித் திறந்துவிட்டுக் காய் நறுக்குங்கள். சாவிச் சத்தம் கேட்டும் பஞ்சு தலையைத் தூக்காமல் படுத்திருக்கும்வரை இதைச் செய்யுங்கள்.

அதன் பிறகு கதவு. செருப்பைப் போட்டுக்கொண்டு கதவு வரை நடந்து, தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காருங்கள். அடுத்து, கதவைத் திறந்து மூடுங்கள், உள்ளேயே நில்லுங்கள். அடுத்து, வெளியே ஓர் அடி வைத்து உடனே உள்ளே வாருங்கள். அடுத்து, கதவைச் சாத்தி மூன்று நொடி. பல வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கிரில் கேட் இருக்கும். அதன் கிறீச்சும் பூட்டுச் சத்தமும் நாய்க்குத் தனிப் படி, மரக்கதவோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். லிஃப்ட் இன்னொரு படி. 'ப்ளீஸ் க்ளோஸ் த டோர்' என்று லிஃப்ட் சொல்லத் தொடங்கியதும் ஊளையிட ஆரம்பிக்கிற நாய்கள் இருக்கின்றன. அந்த நாய்களுக்கு, யாரும் எங்கும் போகாமலே லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டுக் குரல் கேட்கவைத்து, வீட்டுக்குள் திரும்பி வர வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் இரண்டாவது மாடிக்கு நன்றாகவே கேட்கும். அதுவும் ஒரு படி.

ஒவ்வொரு முறையும் கண் போன் திரையில் இருக்கட்டும். பஞ்சு ஒரு பக்கமாக இடுப்பைச் சாய்த்துப் படுத்திருக்கிறான், தலை தரையில், கண் மெதுவாக மூடித் திறக்கிறது என்றால் சரி. எழுந்து கதவருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தால் அதுவும் பரவாயில்லை. கதவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றால், மூச்சிரைத்தால், உதட்டை நக்கத் தொடங்கினால் அங்கேயே எல்லை. அவன் எல்லை எட்டு நொடி என்றால் எட்டு நொடிதான், ஒன்பதாவது நொடிக்கு ஆசைப்படாதீர்கள். அழ ஆரம்பித்துவிட்டால் உள்ளே போகலாமா, போனால் அழுதால் வருவார்கள் என்று கற்றுக்கொள்வானே என்று தயங்க வேண்டாம். போங்கள். அவன் நாடகம் போடவில்லை, பயந்திருக்கிறான். அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை ஏணிப்படி மாதிரி ஏற்றிக்கொண்டே போகவும் கூடாது. முப்பது நொடி, பிறகு பத்து, பிறகு நாற்பது, பிறகு ஐந்து என்று ஏறி இறங்கட்டும். எப்போதும் கூடிக்கொண்டே போனால் 'அடுத்தது இன்னும் நீளம்' என்று அவன் கண்டுபிடித்துவிடுவான். ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் லீவும் விடுங்கள். திரும்பி வரும்போது சாதாரணமாக வாருங்கள், 'என்னடா பஞ்சு' என்று தடவிக்கொடுங்கள். அவனைக் கண்டுகொள்ளாமலே இருக்க வேண்டும் என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதை நான் சொல்வதில்லை. பயந்த நாயை ஒதுக்குவதால் அதற்குத் தைரியம் வருவதை நான் பார்த்ததில்லை.

முதல் சில வாரங்கள் உங்களுக்குச் சலித்துப்போகும். ஒரு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குப் போகவே வாரக்கணக்கில் ஆகலாம். முப்பது, நாற்பது நிமிடத்தை நிம்மதியாகத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் பெரும்பாலும் வேகம் பிடிக்கும், ஏனென்றால் பயம் உச்சிக்குப் போகும் நேரத்தை அவன் கடந்துவிட்டான். மொத்தத்தில் மாதக் கணக்கு என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். நடுவில் தீபாவளி வந்தால் பின்னுக்குப் போகும். வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் நாய்களுக்குத் தனிமைப் பயமும் சேர்ந்து இருப்பது உண்டு. அந்த வாரம் பயிற்சியை விட்டுவிட்டு அவனோடு இருங்கள். பிறகு சில படிகள் கீழே இறங்கித் தொடங்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதத்தையோ, உப்பும் காரமும் போடாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்தோ அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் நாய் ரொம்ப நேரம் நக்கிக்கொண்டிருக்கும். நல்ல வழிதான், ஆனால் பதற்றப்படும் நாய்க்கு இது மருந்தாகாது. பலவும் நீங்கள் இருக்கும்வரை நக்கிவிட்டு, கதவு சாத்தியதும் விட்டுவிடும். சாப்பிடுவது நின்ற அந்த நொடியைக் கேமராவில் பாருங்கள், அவன் எல்லை அங்கே இருக்கிறது. பீனட் பட்டர் வைப்பதானால் டப்பாவின் லேபிளைப் படித்துவிடுங்கள், ஸைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

காலை வாக்கிங்கை அவசர அவசரமாகக் கேட் வரை போய்த் திரும்புவதாக வைத்துக்கொள்ளாமல், அவன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு செடியையும் கம்பத்தையும் முகர விடுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். இந்த வகைச் சின்ன நாய்களில் மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் நோய் அதிகம். மணிக்கணக்கில் குரைப்பதும் கழுத்தில் இழுபடுவதும் அதைக் கிளப்பிவிடும். வாத்து கத்துவது மாதிரி வறட்டு இருமல் வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பஞ்சுவைப் பால்கனியில் விட்டுவிட்டுப் போவதும் தீர்வல்ல. அடர்ந்த முடி உள்ள நாய், சென்னை வெயில், அதோடு பதற்றத்தில் மூச்சிரைப்பு. நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஏசி போட்டுவிட்டுப் பூட்டிய சின்ன அறையும் கரண்ட் போனால் இதே கதைதான். ஹால் முழுக்க அவனுக்குத் திறந்திருக்கட்டும், ஜன்னலுக்குக் கம்பிவலை இருக்கட்டும், தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

தூக்க மருந்து கேட்டீர்கள். தூக்க மருந்து வேண்டாம், ஆனால் மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில கால்நடை மருந்துகள், அசிப்ரோமசின் போன்றவை, நாயை அசையவிடாமல் கிறங்கவைக்கும். பயம் அப்படியே இருக்கும், கத்தத்தான் முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நிம்மதி, பஞ்சுவுக்கு நரகம். இதற்கு மாறாக, பதற்றத்தையே குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. க்ளோமிப்ரமின் 1998-லும் ஃப்ளூக்ஸெடின் 2007-லும் அமெரிக்காவில் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே, பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க, அங்கீகாரம் பெற்றவை. நாள்தோறும் கொடுக்க வேண்டும், முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நகம் பிய்யும் அளவுக்குப் பதறுகிற நாய்க்கு இவற்றைக் கடைசி வழியாகத் தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே சேர்ப்பதுதான் என் பழக்கம். பயம் கொஞ்சம் இறங்கினால்தான் மூளை எதையாவது கற்றுக்கொள்ளும்.

ஆனால் மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கு விற்பதை வாங்கி நீங்களாகக் கொடுக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது இரண்டு விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள். பஞ்சுவுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்பது ஒன்று. உண்ணிக்கு என்ன போடுகிறீர்கள் என்பது இன்னொன்று. உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தேய்க்கும் அமிட்ராஸ் நம் ஊரில் ரொம்ப சகஜம், சில உண்ணிக் காலர்களிலும் அது இருக்கும். மேலே சொன்ன இரண்டு மருந்துகளோடும் அமிட்ராஸ் சேரக் கூடாது, அபாயம். வேறு உண்ணி மருந்துக்கு மாறிக்கொள்ளலாம். பக்கத்தில் இதில் அனுபவமுள்ளவர் கிடைக்காவிட்டால் வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கேமராப் பதிவையும் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் பத்து நிமிடம் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

இன்னொரு நாய் வாங்குவது பெரும்பாலும் பலன் தராது. பஞ்சு தேடுவது மனிதரை. கதவருகே ஒன்று அழ, இன்னொன்று அதைப் பார்த்து அழ, இரண்டு நாய்க்குப் பயிற்சி கொடுக்கும் நிலை வந்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் நண்பர் வீட்டு நாயை ஒரு மாலை கூட்டிவந்து விட்டு, கேமராவில் பாருங்கள். குரைத்தால் ஷாக் அடிக்கும் காலரும், தண்ணீரோ வாசனையோ பீய்ச்சும் காலரும் வேண்டவே வேண்டாம். பயத்தில் கத்துகிற பிராணிக்குக் கத்தியதற்காக வலி கொடுக்கும் வேலை அது.

அசோசியேஷன் விஷயம். குடியிருப்புச் சங்கங்கள் வளர்ப்பு நாய்க்குத் தடைபோட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் காகிதத்தோடு முதலில் போய் நிற்காதீர்கள். பகல் முழுக்க ஊளையைக் கேட்பவர்களுக்கும் தலைவலிதானே? பக்கத்து வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நேரில் போய், டாக்டரிடம் காட்டுகிறோம், தனியாக விடுவதை நிறுத்தியிருக்கிறோம், இன்னும் சில மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, கத்தினால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். கூண்டில் அடைப்பதுதான் தீர்வு என்று யாராவது சொன்னால், உடம்புக்குப் போதாத கூண்டில் பிராணியை அடைப்பது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது என்று சொல்லலாம்.

வாங்கிய கூண்டு வீணா? இப்போதைக்கு மடக்கிப் பரணில் வைத்துவிடுங்கள். என்றாவது ஒருநாள் மருத்துவமனையில் தங்கவோ, ஆபரேஷனுக்குப் பிறகு அசையாமல் இருக்கவோ, ரயிலில் போகவோ பஞ்சுவுக்கு அடைப்புக்குள் இருக்கத் தெரிந்திருப்பது நல்லது. முதல் வகுப்பு ஏசியில் உங்களுக்கென்று தனி அறை கிடைக்காவிட்டால் நாய் கார்டு பெட்டியிலுள்ள கூண்டில்தான் போக வேண்டும். ஆனால் அந்தப் பாடத்தை இந்தக் கம்பிக் கூண்டில் நடத்த வேண்டாம், அதன்மேல் அவனுக்கு இருக்கும் வெறுப்பு இப்போது பெரிது. இரண்டாகக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் கேரியர் ஒன்று வாங்கி, மேல் பாதியைக் கழற்றிவிட்டு, கீழ்ப் பாதியில் உங்கள் பழைய புடவையை மடித்துப் போட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அவனாக ஏறிப் படுக்கட்டும், ட்ரீட்டை அங்கே போடுங்கள். அங்கேயே தூங்கத் தொடங்கிய பிறகு மேல் பாதியை மாட்டுங்கள். கதவு இன்னும் வேண்டாம். எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். கதவைச் சாத்துவது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஒரு நொடியில் தொடங்கட்டும். தனியாக விடும் பயிற்சியோடு இதைச் சேர்க்கவே கூடாது. பல மாதம் கழித்தும் கேரியர் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஹாலே அவனுக்குப் போதும்.

கடைசியாக, உங்கள் கணவர் சொன்னது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாலையில் களைத்து வந்து ஈரக் கட்டிலையும் அசோசியேஷன் நோட்டீஸையும் பார்க்கிறவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இப்போதே கொடுத்தால், இந்தப் பயத்தோடுதான் அவன் அடுத்த வீட்டுக்குப் போவான், அங்கேயும் ஒருநாள் கதவு சாத்துவார்கள். முழு முயற்சி செய்தும் உங்கள் வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றால், பகல் முழுக்க ஆள் இருக்கிற வீடாகப் பார்த்து, நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது தவறே இல்லை. திருச்சியில் மாமனாரிடமே அவனை அனுப்ப முடியும் என்றால் நாத்தனாரைக் கேட்டுப் பாருங்கள், எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல இடம் இல்லை. முடிவெடுப்பதற்கு முன் பயிற்சிக்கு மூன்று மாதமாவது கொடுங்கள்.

மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை நொடி தாங்கினான், எந்தச் சத்தத்தில் எழுந்தான், எதிர் வீட்டு மாமி இருந்தபோது என்ன செய்தான், டாக்டர் என்ன மருந்து எழுதினார் என்று குறித்து அனுப்புங்கள். அதைப் பார்த்து அடுத்த படியைச் சொல்கிறேன்.